காட்டுக்குதிரையும் மேய்ச்சல் நிலமும்: காரைக்குடியிலிருந்து களப்பயணம் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பொங்கல் முடிந்த கையோடு காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரைக்குப் போய் வருகிறோம். அங்கே திரியும் குதிரைகளையும் அவை மேயும் நிலத்தையும் பார்த்துப் படிப்பதுதான் வேலை. ஆர்வம் உள்ளவர்கள் அடுத்த கட்டமாகக் குஜராத்தின் கட்ச் வரைக்கும் போகிறார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் போனிலும் நேரிலும் கேட்கிற கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

காட்டுக்குதிரைக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம்? இங்கே அய்யனார் கோயில் மண்குதிரையைத் தவிர வேறு குதிரையே கிடையாதே?

உண்மைதான். இங்கே காட்டுக்குதிரை இல்லை. ஆனால் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. குதிரையைப் பற்றிப் படிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: குதிரையை அப்புறம் பார்க்கலாம், முதலில் அது நிற்கிற தரையைப் பாருங்கள். எத்தனை குதிரை பிழைக்கும், எத்தனை குட்டி தங்கும், பக்கத்தில் மானுக்கு இடம் மிஞ்சுமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது தரையும் தண்ணீரும்தான்.

அந்தப் பாடத்துக்கு நம் ஊரை விட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. கண்மாய் உள்வாய், மேய்க்கால் புறம்போக்கு, செம்மண் பொட்டல், சீமைக்கருவேலம் மூடிய தரிசு எல்லாம் ஒரு சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. புலிக்குளம் மாடு நம் சிவகங்கை மாவட்டத்து இனம். அதைக் கிடை மாடு என்றே சொல்வார்கள். தொழுவத்தில் கட்டிப் போடாமல் மந்தையாக ஓட்டி மேய்த்து, இரவில் வயலில் கிடை போட்டு வளர்த்த இனம் அது. ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள் இன்னும் இருக்கிறார்கள். எந்த மாதம் எந்தக் கரையில் புல் இருக்கும், எப்போது ஒரு இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மேய்ச்சல் நில மேலாண்மை என்று கல்லூரியில் சொல்லிக் கொடுப்பதில் பாதி அவர்களிடம் இருக்கிறது. அதனால் எங்கள் பயணத்தின் முதல் பகுதி ஊரிலேயே நடக்கிறது. அதைத் தவறவிட்டவர்களைக் கோடியக்கரைக்குக் கூட்டிப் போவதில்லை.

இந்தியாவில் காட்டுக்குதிரை உண்டா இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

குதிரை இனத்தில், மனிதன் பழக்காத வகை என்று இன்று உலகத்தில் பேசப்படுவது மங்கோலியாவின் தாக்கி ஒன்றுதான். பிரெஷவால்ஸ்கி குதிரை என்று புத்தகங்களில் வரும். வீட்டுக்குதிரைக்கு 64 குரோமோசோம், தாக்கிக்கு 66. அதன் முன்னோர்களும் ஒரு காலத்தில் பழக்கப்பட்டவையோ என்று 2018-ல் ஒரு மரபணு ஆய்வு கேள்வி எழுப்பியது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

அமெரிக்காவின் மஸ்டாங், ஆஸ்திரேலியாவின் பிரம்பி, நம் கோடியக்கரைக் குதிரைகள், அசாமில் திப்ரு சைகோவா தேசியப் பூங்காவில் ஆற்றுத்தீவுகளில் திரிபவை எல்லாம் மனிதன் வளர்த்து, கைவிட்டு, தலைமுறை தலைமுறையாகக் காட்டில் பிழைத்துக்கொண்டவை. அவற்றைப் படிப்பதும் பயனுள்ளதுதான். மனிதன் தீனி போடாமல், லாயம் கட்டாமல் விட்டால் குதிரை எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்று அவற்றில் கண்ணால் பார்க்கலாம்.

முழுக்கக் காட்டு விலங்கு என்று பார்த்தால் இந்தியாவில் இருப்பவை காட்டுக்கழுதைகள். கட்ச் பாலையில் குர், லடாக்கின் சாங்தாங்கில் கியாங். இரண்டும் குதிரைக்கு நெருங்கிய உறவு.

கோடியக்கரையில் அப்படி என்ன இருக்கிறது?

கோடியக்கரை சரணாலயம் 1967-ல் முக்கியமாக வெளிமானுக்காக ஏற்படுத்தப்பட்டது. 2002-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெரும்பாலானவர்கள் பூநாரை பார்க்கத்தான் போகிறார்கள். ஆனால் உள்ளே போனால் ஒரே பார்வையில் மூன்று விஷயம் படும். திறந்த புல்வெளி, அதில் வெளிமான். அதே புல்வெளியில் சின்ன உடம்புக் குதிரைகள். ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்துகொண்டே வரும் சீமைக்கருவேலம்.

இந்த மூன்றுக்கும் நடுவில் நடப்பதுதான் பாடம். வெளிமான் குட்டைப் புல்லை மேயும் விலங்கு. தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்து ஓடித் தப்பிப்பது அதன் வழி. புதர் மண்டினால் அதற்கு மேய்ச்சலும் போகிறது, பார்வையும் போகிறது. குதிரையும் அதே புல்லைத்தான் தின்கிறது, ஆனால் ஒரு மானை விடப் பல மடங்கு தின்கிறது. அதோடு நிற்கவில்லை. சீமைக்கருவேலங்காய் இனிப்பாக இருப்பதால் கால்நடைகள் விரும்பித் தின்னும். குதிரையின் வயிற்றில் விதை சாகாமல் சாணத்தோடு புல்வெளியில் விழுந்து, உரத்தோடு முளைக்கிறது. ஆக, மானுக்குப் போட்டியாக இருக்கும் குதிரை, மானின் இடத்தை மூடுகிற செடியையும் நட்டுக்கொண்டே போகிறது. நான்கு பக்கப் பாடத்தில் படித்தால் மறந்துவிடும். காய்ந்த குதிரைச் சாணத்துக்குள்ளிருந்து கருவேலங்கன்று எட்டிப் பார்ப்பதை நேரில் பார்த்த பிள்ளை அதை மறக்கவே மறக்காது.

கடலோர உப்புச் சேறு, மணல்மேடு, பாலை மரங்கள் நிற்கும் உலர் பசுமைக்காடு, இவற்றுக்கு நடுவே நல்ல தண்ணீர்க் குட்டைகள் என்று நிலமும் அடுத்தடுத்து மாறுகிறது. எந்தெந்த நேரத்தில் குதிரைகள் எதில் நிற்கின்றன என்று குறித்தாலே ஒரு நல்ல சிறு ஆய்வு ஆகிவிடும்.

ஊரில் செய்யும் முதல் பகுதியில் என்ன வேலை?

புல்லை அளப்பது. கேட்க எளிது, செய்யப் பொறுமை வேண்டும்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புக்கம்பிச் சட்டம் ஒன்று செய்துகொள்கிறோம். சொந்தக்காரரிடம் கேட்டு ஒரு தரிசைத் தேர்ந்தெடுத்து, நல்ல புல் இருக்கிற இடமாகப் பார்த்து வைக்காமல், முன்கூட்டியே முடிவு செய்த அடிக்கணக்கில் நடந்து அங்கங்கே சட்டத்தைப் போடுகிறோம். சட்டத்துக்குள் என்னென்ன புல், எவ்வளவு வெறும் தரை என்று எழுதி, புல்லை அடியோடு அறுத்து, நன்றாகக் காயவைத்து நிறுக்க வேண்டும். பச்சையாக நிறுத்தால் தண்ணீரைத்தான் நிறுப்போம்.

சரி, ஒரு சட்டத்தில் சராசரியாக 100 கிராம் காய்ந்த புல் கிடைத்தது என்று வையுங்கள். ஒரு ஹெக்டேருக்கு 1,000 கிலோ. அதில் பாதியைத்தான் விலங்குக்கு என்று கணக்கு வைக்க வேண்டும். மீதிப் பாதி, வேர் பிழைக்கவும் தரையை மூடவும் விதை விழவும் புல்லுக்கே சொந்தம். ஆக 500 கிலோ. 200 கிலோ எடையுள்ள சின்னக் குதிரை ஒன்று தன் எடையில் ஏறக்குறைய 2.5 சதவீதம், அதாவது நாளைக்கு 5 கிலோ உலர்தீவனம் தின்னும். அப்படியானால் அந்த ஹெக்டேர் ஒரு குதிரைக்கு 100 நாள் வரும். ஒரு வருஷத்துக்கு 3.65 ஹெக்டேர், சுமார் ஒன்பது ஏக்கர் வேண்டும். மழை பொய்த்துப் புல் பாதியானால் பதினெட்டு ஏக்கர்.

இந்தக் கணக்கைத் தன் கையால் அறுத்த புல்லை வைத்துப் போட்ட பிறகு, "ஐம்பது குதிரை இருக்கட்டுமே, என்ன ஆகிவிடும்" என்று யாரும் பேசுவதில்லை.

அப்புறம் எடை மட்டும் போதாது. எந்தப் புல் என்பதும் முக்கியம். கொழுக்கட்டைப்புல்லும் அருகும் அடர்ந்து நின்றால் அந்தத் தரைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. ஊசிப்புல் மட்டும் மிஞ்சி, நடுவில் எருக்கும் ஆவாரையும் நெருஞ்சியும் பெருகியிருந்தால், தின்னத் தகுந்ததையெல்லாம் தின்று முடித்து, வேண்டாததை விட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கீதாரிகள் இதைத் தரையைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் முழுக்க அவர்கள் பின்னால் நடந்து, ஆடு எதைக் கடிக்கிறது, எதை முகர்ந்துவிட்டு நகர்கிறது என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறோம். அவர்களை "ஐயா" என்று கூப்பிட்டு, அவர்கள் வேலையைக் கெடுக்காமல் கூட நடங்கள். ஆடு கலையும்படி படம் எடுக்கக் குறுக்கே போகாதீர்கள்.

செட்டிநாட்டில் உள்ள மாவட்டக் கால்நடைப் பண்ணையையும் முறையாக அனுமதி கேட்டுப் பார்த்து வந்தால் நல்லது. பயிரிட்ட தீவனத்துக்கும் தானாக முளைத்த மேய்ச்சலுக்கும் உள்ள தூரம் புரியும்.

மாடும் புல்தானே தின்கிறது? குதிரையை மட்டும் ஏன் தனியாகக் குறை சொல்கிறார்கள்?

குறை சொல்லவில்லை, உடம்பு அமைப்பு வேறு. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டி இழுத்துத் தின்னும், அதனால் கொஞ்சம் உயரத்தில் விட்டுவிடும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு, தரையை ஒட்டிக் கடித்துவிடும்.

வயிறும் வேறு. மாடு அசை போடும். ஆகவே மட்டமான நாருள்ள புல் அதன் வயிற்றில் நெடுநேரம் தங்கும். அது கரைந்து நகர்கிற வரைக்கும் அதிகம் தின்ன முடியாது. குதிரைக்கு நொதித்தல் நடப்பது குடலின் பின்பகுதியில். முழுதாகச் செரிக்காவிட்டாலும் சீக்கிரம் வெளியே தள்ளிவிட்டு மறுபடி தின்னும். ஆகவே சத்துக் குறைந்த முரட்டுப் புல்லிலும் குதிரை பிழைக்கும், ஆனால் நிறையத் தின்னும். நாளில் பாதிக்கு மேல் மேய்ச்சல்தான். கோடையில் மாடு எலும்பும் தோலுமாக நிற்கும் இடத்தில் குதிரை தாக்குப் பிடிப்பது இதனால்தான். தரை அதிகமாகத் தேய்வதற்கும் இதுவே காரணம்.

குதிரையால் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. வட அமெரிக்காவின் சோனோரன் பாலையில் காட்டில் திரியும் கழுதைகளும் குதிரைகளும் வறண்ட ஓடைகளில் காலால் ஊற்று தோண்டுகின்றன, சில இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம் வரை. அந்தத் தண்ணீரை வேறு பல விலங்குகளும் பறவைகளும் குடிப்பதை 2021-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. ஒரே விலங்கு ஓரிடத்தில் கெடுதலும் இன்னோரிடத்தில் உதவியும் செய்கிறது. நிலத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

எல்லாக் குதிரையும் ஒன்று போலத்தானே இருக்கும்? எப்படி எண்ணுவது?

முதல் நாள் அப்படித்தான் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போடுங்கள். நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கிறதா, மூக்கு வரை இறங்குகிறதா, எந்தக் காலில் வெள்ளை, காதில் கிழிசல், பிடரி எந்தப் பக்கம் விழுகிறது, பழைய காயம். இடப்பக்கம், வலப்பக்கம், முகம் என்று மூன்று படம். நம் ஊரில் சுழி பார்த்துக் காளை வாங்குகிறவர்களின் கண் இதற்கு நன்றாக உதவும்.

பிறகு கூட்டத்தைக் கவனியுங்கள். ஒரு பொலிகுதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் சேர்ந்தது ஒரு குடும்பம். பெட்டை கிடைக்காத இளம் ஆண்கள் தனிக் கூட்டமாகத் திரியும். பொலிகுதிரைகள் ஒரே இடத்தில் சாணம் போட்டுக் குவியலாக்கும், முகர்ந்து பார்க்கும், மேலே மறுபடி போடும். சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். பெட்டை ஒன்றுக்கு ஒரு குட்டி. நல்ல தீவனமும் வேட்டை விலங்கு இல்லாத நிலமும் அமைந்தால் ஒரு கூட்டம் வருஷத்துக்கு 15 முதல் 20 சதவீதம் வரை பெருகக் கூடும். நான்கைந்து வருஷத்தில் இரட்டிப்பாகிவிடும்.

உடம்பின் நிலையை 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. விலா எலும்பு, முதுகுத்தண்டு, வாலின் அடி, தோள் இவற்றில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துப் போடுவது. 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் அளவுக்கு மீறிய கொழுப்பு. கிட்டப் போகாமல் பைனாகுலரிலேயே ஓரளவு போடலாம். ஒரே குதிரையை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், கண் பழகும்.

கட்ச் வரைக்கும் ஏன் போக வேண்டும்? செலவு அதிகமாயிற்றே?

கட்டாயம் இல்லை. கோடியக்கரையோடு நிறுத்திக்கொண்டவர்களே அதிகம். ஆனால் போக முடிந்தவர்கள் போங்கள் என்பேன்.

சின்ன ரண் என்னும் உப்புப் பாலையில் காட்டுக்கழுதைச் சரணாலயம் இருக்கிறது, பரப்பு 4,950 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மழைக்காலத்தில் முழுக்கத் தண்ணீர். வற்றியதும் வெடித்த சேறு. நடுவில் மேடான திட்டுகள், அவற்றை அங்கே பேட் என்கிறார்கள். புல் அந்தத் திட்டுகளில்தான். 1960-ஐ ஒட்டிய வருஷங்களில், இரத்த ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோயும் ஆப்பிரிக்கக் குதிரை நோயும் தாக்கி, 1967 கணக்கில் 362 கழுதைகள்தான் மிஞ்சின. 2024 கணக்கில் 7,672. ஓர் இனம் விளிம்பிலிருந்து மீண்ட கதை இது. ஆனால் எண்ணிக்கை பெருகியதும் அவை சரணாலயத்தை விட்டு வெளியே வந்து வயல்களில் இறங்குகின்றன. அங்கே உப்பு எடுக்கும் அகரியா குடும்பங்களும் விவசாயிகளும் என்ன சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கூட்டத்தின் ஒழுங்கும் வேறு. குதிரையைப் போல நிலையான குடும்பம் இல்லை. ஆண் கழுதை தனக்கென்று ஓர் எல்லையைப் பிடித்து வைத்திருக்கும், பெட்டைகள் வரும் போகும். வறண்ட நிலத்தில் தீவனம் ஓரிடத்தில் நிலைக்காது என்பதோடு பொருத்திப் பாருங்கள்.

அங்கிருந்து மேற்கே பன்னி புல்வெளி, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். உப்பு பரவுவதைத் தடுக்கிறோம் என்று 1961-ல் அங்கே சீமைக்கருவேலம் விதைத்தார்கள். இன்று பாதிக்கு மேல் மூடிவிட்டது. எருமை மேய்க்கும் மால்தாரிகள் அதை வெட்டி, வேரோடு பிடுங்கிப் புல்லை மீட்க முயல்கிறார்கள். சிவகங்கைக்காரர் யார் போனாலும் அங்கே மொழிதான் புரியாது, பிரச்சினை உடனே புரியும். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தளிர்க்கும் என்பதும், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு அந்த மரமே சோறு என்பதும் நமக்குத் தெரிந்ததுதானே.

வெளிநாடுகளில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அமெரிக்காவில் 1971-ல் சட்டம் போட்டு மஸ்டாங்குகளைப் பாதுகாத்தார்கள். மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில், காட்டில் திரியும் கழுதைகளையும் சேர்த்து, தாங்கும் அளவு சுமார் 25,500 என்று அரசு வைத்திருக்கிறது, 2024-ல் இருந்தவை 70,000-க்கு மேல். ஹெலிகாப்டரால் ஓட்டிப் பிடித்து, தத்தெடுக்க ஆள் கிடைக்காதவற்றைத் தொழுவங்களிலும் குத்தகை மேய்ச்சலிலும் வைத்திருக்கிறார்கள். 2024-ல் அப்படி இருந்தவை மட்டும் 60,000-க்கு மேல். அட்லாண்டிக் கரையில் அசடீக் தீவின் மேரிலாந்துப் பகுதியில் வேறு வழி: 1994 முதல் பல வருஷம் பெட்டைகளுக்குத் தூரத்திலிருந்து ஊசி எய்து கருத்தடை செய்து வந்தார்கள். கூட்டம் மெதுவாகக் குறைந்தது. அடிக்கடி ஈனாததால் பெட்டைகள் அதிக வயது வரை உயிரோடு இருப்பதும் தெரியவந்தது. கோடியக்கரை மாதிரி எல்லை குறுகிய, ஒவ்வொரு குதிரையையும் அடையாளம் காணக் கூடிய இடத்துக்கு இந்த வழி பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மங்கோலியக் கதையைத்தான் பிள்ளைகளுக்கு நான் விரிவாகச் சொல்வேன். தாக்கி கடைசியாகக் காட்டில் தென்பட்டது 1969-ல். உயிரியல் பூங்காக்களில் பத்துப் பன்னிரண்டு குதிரைகளின் வழியில் வந்தவை மட்டும் மிஞ்சின. அவற்றின் வாரிசுகளை 1992-ல் ஹுஸ்தாய் தேசியப் பூங்காவிலும், தென்மேற்கே கோபி பாலையின் ஓரத்தில் தாக்கின் தாலிலும் மறுபடி கொண்டு வந்து விட்டார்கள். கோபியில் எண்ணிக்கை 140-ஐ நெருங்கியபோது 2009–10 குளிர்காலம் வந்தது. மங்கோலியர்கள் ஸுத் என்று அஞ்சும் கடும்பனி. புல் பனிக்கடியில் போய்விடும். அங்கிருந்த தாக்கிகளில் மூன்றில் இரண்டு பங்கு செத்துப் போயின. அதே நிலத்தில் இருந்த காட்டுக்கழுதைகளுக்கு அவ்வளவு அடி விழவில்லை. அவை பரந்து திரியும் பழக்கம் உள்ளவை, பனி குறைந்த பக்கம் நகர்ந்துவிட்டன. தாக்கிகளோ தாங்கள் பழகிய சிறு பகுதியை விட்டு நகரவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு நம் கீதாரிகள்தான் நினைவுக்கு வருவார்கள். மாசி அறுப்பு முடிந்ததும் கிடையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் போவார்கள். வயலில் தாள் இருக்கும், வரப்பில் புல் இருக்கும், கிடை போட்டால் எருவுக்குக் கூலியும் கிடைக்கும். தண்ணீர் திறந்து நடவு தொடங்குமுன் திரும்பிவிடுவார்கள். வறண்ட நிலத்தில் மந்தையைக் காப்பாற்றுவது நகர்வுதான். அந்த வழித்தடங்களை நாம் மனையாகவும் வேலியாகவும் அடைத்துவிட்டு, பிறகு மேய்ச்சல் நிலம் ஏன் கெட்டது என்று கேட்கிறோம். காட்டுக்குதிரைக்கும் கிடை ஆட்டுக்கும் தேவை ஒன்றே. இடம் பெயர வழி வேண்டும்.

அப்படியானால் கோடியக்கரைக் குதிரைகளை மொத்தமாகப் பிடித்து அகற்றிவிடலாமே?

இதை ஒவ்வொரு குழுவிலும் யாராவது கேட்கிறார்கள், ஒவ்வொரு குழுவிலும் பேச்சு சூடாகிறது.

என் கருத்து இது. வெளிமானுக்கு முதலிடம். அந்தச் சரணாலயம் அதற்காகத்தான் ஏற்பட்டது, தமிழ்நாட்டில் அதற்கு வேறு போக்கிடங்கள் குறைவு. ஆகவே குதிரை எண்ணிக்கை கட்டுக்குள் இருந்தே ஆக வேண்டும். ஆனால் கருவேலத்தைக் கையாளாமல் குதிரையை மட்டும் அகற்றினால் புல்வெளி மீளாது. புதர் தன் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். முதலில் புதரை வேரோடு எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் நாட்டுப் புல் நிலைக்கிற வரை வருஷா வருஷம் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். அதோடு கூடவே கருத்தடையோ, ஏற்கும் ஆளுக்குக் கொடுப்பதோ செய்து குதிரையைக் குறைக்க வேண்டும். பிடிபடும் குதிரை எங்கே போகும், யார் தீனி போடுவார்கள் என்று பதில் இல்லாமல் பிடிப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். அதுவும் உயிர்தான், அங்கே வந்தது அதன் குற்றம் இல்லை.

நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். புல்லை அளந்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

"பேத்தி போறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. பொம்பளப் புள்ளைய நம்பி அனுப்பலாமா?" பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்டது.

அனுப்பலாம் ஆச்சி. குழுவில் பெண் ஆசிரியர் இல்லாமல் கிளம்புவதில்லை. தங்குவது வேதாரண்யத்தில், பெண்களுக்குத் தனி அறை. இருட்டியபின் களத்தில் யாரும் இருப்பதில்லை.

குதிரையால் வரும் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். நூறடிக்குள் போகக் கூடாது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில், பொலிகுதிரைக்கும் பெட்டைக்கும் நடுவில் நிற்கக் கூடாது. காதைப் பின்னுக்கு மடித்தால் பின்வாங்க வேண்டும். தின்னக் கொடுக்கவே கூடாது. ஒரு முறை பிஸ்கட் கொடுத்தால் அடுத்து வருகிறவரை அது கடிக்கும். குதிரையை விட எனக்குக் கவலை வெயிலும் சேறும்தான். உப்புச் சேற்றுப் பக்கம் வனத்துறை வழிகாட்டி சொல்லாமல் இறங்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பார்வையாளராகப் போய்ப் பார்த்து, எழுதி, படமெடுத்து வர நுழைவுச்சீட்டும் வனத்துறை சொல்லும் நேரமும் வழியும் போதும். ஆய்வு என்று வந்துவிட்டால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும், கல்லூரி மூலமாக விண்ணப்பியுங்கள், மாதக்கணக்கில் ஆகலாம். சரணாலயத்துக்குள் ஒரு புல்லையும் அறுக்கக் கூடாது, சாணத்தையும் எடுத்து வரக் கூடாது. கம்பிச் சட்டத்தைப் போட்டுப் புல் அறுக்கும் வேலையை ஊரில் பட்டா நிலத்தில் வைத்திருப்பது அதனால்தான். சரணாலயத்தில் கண்ணளவில் மதிப்பிடுவதோடு சரி.

எந்த மாதம், எப்படிப் போவது?

கோடியக்கரைக்கு ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் இருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். முடிந்தால் மே மாதத்தில் இன்னொரு முறை போய் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் படம் எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஆயிரம் வார்த்தை மிச்சம்.

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர் போகும் ரயிலில் திருத்துறைப்பூண்டியில் இறங்கி, வேதாரண்யம் போய், அங்கிருந்து பேருந்தில் பத்துப் பதினோரு கிலோமீட்டர். கூட்டமாக இருந்தால் வேன் சௌகரியம். கட்சுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்லது. ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை சரணாலயம் மூடியிருக்கும். மதுரையில் ஓகா ரயிலைப் பிடித்தால் வாரம் ஒரு முறை நேராகக் குஜராத் போகலாம். இல்லாவிட்டால் சென்னை போய் அகமதாபாத், அங்கிருந்து சாலை வழியாகச் சரணாலயத்துக்குப் பக்கத்து ஊரான திராங்கத்ரா. பகலில் வெயில் சுட்டாலும் டிசம்பர் இரவில் நடுங்கும், கம்பளி வேண்டும்.

இதையே படிப்பாக எடுத்துக்கொள்ள விரும்பினால்?

கால்நடை மருத்துவம் என்றால் நமக்குப் பக்கத்தில் ஒரத்தநாடு கல்லூரி இருக்கிறது. வன உயிரியலுக்கு மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி, கோடியக்கரையில் களவேலை பார்த்தவர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள். மேலே போக டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம். புல்லும் தீவனமும்தான் மனதைப் பிடித்தது என்றால் ஜான்சியில் அதற்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1962 முதல் இருக்கிறது. குதிரை நோய்களும் இனப்பெருக்கமும் என்றால் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம்.

புல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் குறைவாக வருகிறார்கள். அவர்கள்தான் அதிகம் தேவைப்படுகிறார்கள். மான், குதிரை, பறவை என்றால் ஆள் சேருகிறது. ஒரு மேய்க்கால் புறம்போக்கில் எத்தனை வகைப் புல் என்று எண்ணி எழுத ஆள் இல்லை.

கையில் என்ன எடுத்து வர வேண்டும்?

கெட்டி அட்டைக் குறிப்பேடு, பென்சில் இரண்டு. பேனா மை வியர்வையில் அழியும். தொப்பி, முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடும் செருப்பு அல்லது ஷூ. மங்கிய நிறத் துணி. பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் மூன்று பேருக்கு ஒன்று நாங்கள் தருவோம். போனில் டார்ச், பவர் பேங்க். வாசனை எண்ணெய், சென்ட் வேண்டாம். கட்டுச்சோறு முதல் நாள் மட்டும், பிளாஸ்டிக் உறை இல்லாமல். பெயர் கொடுக்க மார்கழித் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். புல் அளக்கும் வேலை பொங்கலுக்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் தொடங்கிவிடும்.